வாசகனாகாத நாயகன்: வறுமையும் குற்றமும் சூழ்ந்த பதின்பருவத்தைச் சித்திரிக்கும் புனைவுகளும் தமிழில் 'இளையோர் புனைவு' என்னும் வகைமையும்

ஆய்வுச் சுருக்கம்

வறுமைக்கும் குற்றத்திற்கும் இடையே உயிர்தரிக்கும் சிறாரை மையப் பாத்திரமாகக் கொண்ட புனைவுகள் தமிழில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வருகின்றன. எனினும் அவை அச்சிறாரின் வயதொத்தோர் படிப்பதற்குரியனவாகக் கருதப்படவில்லை. ஜெயகாந்தனின் 'உன்னைப் போல் ஒருவன்' (1964), பூமணியின் 'வெக்கை' (1982), பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதிய 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) ஆகிய மூன்று புனைவுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கண்ணோட்டம், செயல், வாசக விளிப்பு என்னும் மூன்று அளவுகோல்களின்வழி இவை மதிப்பிடப்படுகின்றன. இளையோருக்கென எழுதப்படாத 'வெக்கை'யே இளையோர் புனைவின் இயல்புகளை மிகுதியும் கொண்டுள்ளது என்பதும், அவ்வகைமை தமிழில் உருப்பெறாமைக்குச் சிறாரின் குற்றச்செயலை அவர்களுடன் உரையாடுவதில் நமக்குள்ள தயக்கமே முதன்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். இத்தயக்கத்தின் விளைவு தென்காசி, குற்றாலம் வட்டாரச் சூழலில் வைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

இளையோர் புனைவு, பதின்பருவம், சேரி, குழந்தை உழைப்பு, கரிசல் நாவல், பூமணி, ஜெயகாந்தன், பத்மா வெங்கட்ராமன்

முன்னுரை

தமிழில் 'சிறுவர் இலக்கியம்' என்னும் துறைக்கு உறுதியான வரலாறு உண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், வாண்டுமாமாவின் சாகசக் கதைகள், பூவண்ணனின் நாவல்கள் எனத் தொடங்கி, சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் வரை அவ்வரலாறு நீள்கிறது. மறுபுறம் பெரியோர் படிக்கும் நாவலுக்கும் சிறுகதைக்கும் வலுவான திறனாய்வு மரபு அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான புனைவு வெளி தமிழில் தனி வகைமையாக நிலைபெறவில்லை. ஆங்கிலத்தில் 1967இல் வெளிவந்த எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' இவ்வகைமையின் திருப்புமுனையாகக் கொள்ளப்படுகிறது. அந்நாவலின் களம் ஏழை இளைஞர் குழுக்களின் மோதலும் ஒரு கொலையும் ஆகும் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதாவது, இளையோர் புனைவு தன் தொடக்கத்திலேயே வறுமையையும் குற்றத்தையும் தன் பொருளாகக் கொண்டிருந்தது.

தமிழிலும் இப்பொருள் இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) தொடங்கி, கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) வரை நகர்ப்புற ஏழைகளின் வாழ்வும் அவர்தம் பிள்ளைகளும் புனைவில் இடம்பெற்றுள்ளனர். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது: இப்புனைவுகளில் நாயகனாக நிற்கும் சிறுவன், அவற்றின் வாசகனாக ஏன் ஆகவில்லை? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

'சேரி' என்னும் சொல்லின் சிக்கல்

ஆங்கிலத்தில் 'ஸ்லம்' எனச் சுட்டப்படுவதைத் தமிழில் 'சேரி' எனப் பெயர்ப்பது பெருவழக்கு. இப்பெயர்ப்பு இரு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. பழந்தமிழில் 'சேரி' என்பது மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைக் குறித்தது. சிலப்பதிகாரத்தின் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்னும் தலைப்பே இதற்குச் சான்றாகும். பிற்காலத்தில் அச்சொல் ஊரிலிருந்து விலக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று. நகரத்தின் நெரிசல்மிக்க ஏழ்மைக் குடியிருப்பைச் சுட்ட அரசு தேர்ந்த சொல் வேறு. 1970இல் அமைக்கப்பட்ட வாரியம் 'குடிசை மாற்று வாரியம்' எனப் பெயர்பெற்றது. 2021இல் அது 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

இச்சொல்லாய்வு வெறும் அகராதிப் பணியன்று. நகரக் குடிசைப் பகுதியைக் களமாகக் கொள்ளும் புனைவில் வறுமை பொருளாதாரச் சிக்கலாகவும், ஊர்ப்புறச் சேரியைக் களமாகக் கொள்ளும் புனைவில் அது சாதி, நிலம் ஆகியவற்றின் சிக்கலாகவும் வெளிப்படுகிறது. முன்னதில் சிறுவனின் உயிர்வாழ்வு தெருவிலும் குப்பைமேட்டிலும் நடக்கிறது. பின்னதில் அது காட்டிலும் கிடையிலும் தொழிற்கூடத்திலும் நடக்கிறது. சென்னையை மட்டும் அளவாகக் கொண்டு 'சேரிச் சிறுவர் புனைவு' என்னும் வகையை வரையறுத்தால், தென்மாவட்டங்களின் புனைவுகள் அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே இக்கட்டுரை 'சேரி' என்னும் இடத்தைவிட, வறுமையும் குற்றமும் ஒருங்கே சூழ்ந்த பதின்பருவ நிலையையே தன் ஆய்வெல்லையாகக் கொள்கிறது.

மூன்று அளவுகோல்கள்

ஒரு புனைவு இளையோர் புனைவாவதற்கு அதன் நாயகன் இளையவனாக இருப்பது மட்டும் போதாது. பின்வரும் மூன்றும் கூடியமைய வேண்டும் என இக்கட்டுரை கருதுகிறது.

முதலாவது, கண்ணோட்டம். கதையுலகம் இளையவனின் அறிவெல்லைக்குள் நின்று காணப்படுதல் வேண்டும். அவன் அறியாததை வாசகர் அவனுக்கு மேலிருந்து அறிந்து இரங்கும் அமைப்பு இதற்கு மாறானது.

இரண்டாவது, செயல். இளையவன் விளைவுள்ள செயலொன்றைச் செய்து, அவ்விளைவை எதிர்கொள்ளுதல் வேண்டும். நிகழ்வுகள் அவன்மீது வந்து விழுவது மட்டுமே கதையானால், அவன் பாத்திரமாகாமல் சான்றுப்பொருளாகிவிடுகிறான்.

மூன்றாவது, வாசக விளிப்பு. பனுவல் தன் மொழியாலும் எடுத்துரைப்பாலும் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது இங்குக் கருதப்படும். வயதொத்த வாசகர், பெரியவர் ஒருவரின் விளக்கமின்றியே அப்பனுவலுக்குள் புகக்கூடுமா என்பதே இதற்குரிய சோதனை.

உன்னைப் போல் ஒருவன்: பெரியவர்களின் மனச்சான்றுக்கு ஒரு சிறுவன்

ஜெயகாந்தனின் இந்நாவல் 1964இல் வெளிவந்தது. அவரே இயக்கிய திரைப்படம் 1965இல் திரைக்கு வந்தது. தேசியத் திரைப்பட விருதுகளில் அதற்குத் தகுதிச் சான்றும் கிடைத்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் சித்தாள் வேலை செய்து வாழும் தங்கம், அவள் மகன் சிட்டி, கிளி சோதிடம் பார்க்கும் மாணிக்கம் ஆகிய மூவரைச் சுற்றிக் கதை இயங்குகிறது. தாயின் வாழ்வில் மாணிக்கம் நுழைவதைச் சிட்டியால் ஏற்க இயலவில்லை. மாணிக்கம் விலகிச் செல்கிறான். கருவுற்றிருந்த தங்கம் ஒரு பெண்மகவை ஈன்று இறக்கிறாள். அம்மகவைச் சிட்டி தன் பொறுப்பாக ஏற்பதோடு கதை நிறைவுறுகிறது.

தமிழ்ப் புனைவில் குடிசைப் பகுதிச் சிறுவனுக்குத் தனக்கென ஓர் அகவாழ்வு உண்டு என்பதை நிறுவியதில் இந்நாவலின் பங்கு மறுக்க இயலாதது. சிட்டியின் சிக்கல் பசியன்று, மானம். பசிக்கும் சிறுவனைக் கண்டு இரங்கப் பழகிய வாசகரிடம், மானம் கருதிச் சினக்கும் சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஜெயகாந்தன். தன் தாயை நடுத்தர வர்க்க ஒழுக்க அளவுகோல் கொண்டு அளப்பவன் அவ்வர்க்கத்தைச் சேராத சிறுவனே என்பது நாவலின் கூர்மையான முரண்.

எனினும் அளவுகோல்களில் வைத்து நோக்கும்போது நாவலின் நோக்கு வேறு திசையில் இருப்பது புலனாகிறது. எடுத்துரைப்பாளர் அனைத்தும் அறிந்தவர். தாயின் தனிமையையும் மகனின் சினத்தையும் மாறிமாறிக் கண்டு, இருவர் பக்கமும் உள்ள நியாயத்தை வாசகருக்கு எடுத்துக்காட்டுகிறார். சிட்டி அறியாத தாயின் நியாயத்தை நாம் அறிகிறோம். அவனுடைய அறியாமையே நம் இரக்கத்திற்கு வழிசெய்கிறது. மொழியும் இப்பிளவைப் பேணுகிறது. பாத்திரங்கள் சென்னைப் பேச்சுவழக்கில் உரையாட, எடுத்துரைப்போ கற்றோர் உரைநடையில் செல்கிறது. சிறுவனின் மொழிக்கும் அவனைப் பற்றிய மொழிக்கும் இடையிலான இத்தொலைவு, நாவல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை உணர்த்துகிறது. தலைப்பிலுள்ள 'உன்னை' என்பது கற்ற, வளர்ந்த வாசகரையே விளிக்கிறது. சிட்டி அவரைப் போல் ஒருவன்; ஆனால் அவன் அந்த 'நீ' அல்லன்.

வெக்கை: செயலுக்குப் பின்னரான பதின்பருவம்

கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியில் பிறந்த பூமணியின் இரண்டாம் நாவல் 'வெக்கை'. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்வித்த நிலக்கிழானான வடக்கூரானை வெட்டுவதோடு அது தொடங்குகிறது. கையை மட்டும் துண்டிக்க எண்ணிய சிறுவனின் செயல் கொலையில் முடிகிறது. அதன்பின் தந்தையும் மகனும் ஊரைவிட்டு நீங்கி, காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் மறைந்து திரியும் சில நாள்களே நாவலின் காலம். இறுதியில் அவர்கள் நீதிமன்றத்தை நோக்கிச் செல்கின்றனர்.

இந்நாவல் சாதியெதிர்ப்பு நாவலாகவும் கரிசல் வாழ்வின் ஆவணமாகவும் பலரால் ஆராயப்பட்டுள்ளது. அதனைப் பதின்பருவ நாவலாக வாசிக்கும்போது மூன்று செய்திகள் முன்னிற்கின்றன.

ஒன்று, குற்றம் கதையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. குற்றத்தை நோக்கிச் செல்லும் கதையில் வாசகர் 'இவன் கெட்டுவிடுவானோ' என அஞ்சுவர். அது அறிவுரைக் கதையின் அமைப்பு. குற்றத்திற்குப் பின் தொடங்கும் கதையிலோ 'இவன் இனி எப்படி வாழ்வான்' என்பதே வினா. பூமணி முதல் பக்கத்திலேயே அறிவுரைக்கான வாய்ப்பை நீக்கிவிடுகிறார். எஞ்சுவது வாழ்தல்: உணவு தேடுதல், சமைத்தல், உறங்க இடம் காணுதல், காலடியோசைக்குச் செவி கொடுத்தல்.

இரண்டு, தந்தை மகனை நடத்தும் முறை. சிதம்பரத்தின் தந்தை அவனைப் பழிப்பதுமில்லை, புகழ்வதுமில்லை, உடனிருக்கிறார். தம் கடந்த காலத்தைப் படிப்படியாக அவனிடம் திறக்கிறார். கொலைக்கு முன் அவனிடம் பேசப்படாத செய்திகள் கொலைக்குப் பின் பேசப்படுகின்றன. சிறுவன் பெரியவர்களின் உரையாடலுக்குள் அனுமதிக்கப்படும் வாயில் அவனுடைய குற்றமே என்பது நாவலின் துயரமான உண்மை. பதின்பருவத்தின் அடிப்படை நாடகம் எனச் சொல்லத்தக்கதும் இதுவே: பெரியோர் உலகின் செய்திகளை அறியும் உரிமைக்கு அவ்வயது கொடுக்கும் விலை.

மூன்று, சிறுமைப் பருவம் முற்றும் நீங்காமை. கொலை செய்தவன் என்பதால் சிதம்பரம் பெரியவனாகிவிடவில்லை. தாயையும் தங்கையையும் எண்ணி ஏங்குகிறான். காட்டின் காய்களிலும் நீரிலும் விளையாட்டைக் காண்கிறான். கொலையாளியும் குழந்தையும் ஒரே உடலில் இருப்பதை நாவல் வியப்பாகக் காட்டவில்லை, இயல்பாகக் காட்டுகிறது. பெருமாள்முருகனின் 'கூள மாதாரி'யில் (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையனிடமும் அவன் தோழர்களிடமும் இவ்விருமை வேறு வடிவில் தொடர்கிறது. அங்கும் மேய்ச்சல் நிலம் உழைப்புக்களமாகவும் விளையாட்டுக்களமாகவும் ஒருங்கே இருக்கிறது.

கண்ணோட்டம் சிதம்பரத்தைவிட்டுப் பெரும்பாலும் அகல்வதில்லை. சாதிப் பெயர்கள் நாவலில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இதனைத் திறனாய்வாளர் பலர் அரசியல் உத்தியாக விளக்குவர். ஒரு சிறுவனின் உலகில் அதிகாரம் பெயர்ச்சொல்லாக வருவதில்லை. வேலியாகவும் கிணறாகவும் வசவாகவும் வருகிறது என்னும் விளக்கமும் பொருந்தும். எடுத்துரைப்பின் மொழியும் உரையாடலின் மொழியும் 'உன்னைப் போல் ஒருவ'னில் உள்ளதுபோல் விலகி நிற்கவில்லை. சிறுவன் பேசும் சொற்களுக்கு அருகிலேயே அவனைப் பற்றிய சொற்களும் உள்ளன.

திரையாக்கத்தில் நிகழ்ந்த இடமாற்றம்

'வெக்கை'யைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019) கதையின் மையத்தைச் சிறுவனிடமிருந்து தந்தைக்கு மாற்றியது. நட்சத்திர நடிகரின் தேவை இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் விளைவு கருத்தியல் சார்ந்தது. திரைப்படத்தில் தந்தையின் இளமைக்காலம் விரிவான முன்கதையாகிறது. முடிவில் தந்தை பழியைத் தாம் ஏற்று நீதிமன்றம் செல்கிறார். மகனிடம் கல்வியின் மேன்மையை வலியுறுத்துகிறார். நாவலில் தன் செயலைத் தானே சுமந்து நடப்பவன், படத்தில் படிக்க வேண்டிய பிள்ளையாகத் திருப்பி அனுப்பப்படுகிறான்.

கல்வியை வலியுறுத்தும் அம்முடிவின் சமூகப் பெறுமதியை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அம்மாற்றம் பண்பாட்டுத் தயக்கமொன்றை வெளிப்படுத்துகிறது. சிறுவன் செய்த குற்றத்தை அவனுடையதாகவே இருக்க விட்டு, அதே வேளையில் அவனை நேசிக்கவும் நம்மால் இயலவில்லை. யாரேனும் ஒரு பெரியவர் அக்குற்றத்தை வாங்கிக்கொண்ட பின்னரே அவன் நம் அன்புக்கு உரியவனாகிறான்.

தி பிரிட்ஜ் ஹோம்: வகைமை உண்டு, செயல் குறைவு

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' இளம் வாசகருக்கென்றே எழுதப்பட்டது; 2020இல் வால்டர் டீன் மையர்ஸ் பெயரிலான விருதை இளம் வாசகர் பிரிவில் பெற்றது. வன்முறையாளரான தந்தையிடமிருந்து தப்பி, விஜியும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய அவள் அக்கா ருக்குவும் நகரத்திற்கு வருகின்றனர். பாழடைந்த பாலமொன்றில் முத்து, அருள் என்னும் சிறுவர்களோடு சேர்ந்து வாழ்ந்து, குப்பை பொறுக்கி உண்கின்றனர். நோயுற்ற ருக்கு இறக்கிறாள். மற்றவர்கள் செலினா என்னும் பெண்மணி நடத்தும் இல்லத்தைச் சேர்கின்றனர். முழுக் கதையும் இறந்த அக்காவை விளித்து விஜி எழுதும் மடலாக அமைந்துள்ளது.

கண்ணோட்டமும் விளிப்பும் இதில் குறைவின்றி உள்ளன. ஒரு சிறுமி மற்றொரு சிறுமியிடம் பேசுகிறாள். இடையில் பெரியவர் எவருமில்லை. இறந்தவளை முன்னிலையாக்கும் உத்தி, வாசகரை இரக்கம் காட்டும் இடத்திலிருந்து விலக்கி, உடன்பிறப்பின் இடத்தில் அமர்த்துகிறது. தமிழ்நாட்டுச் சூழலைப் பற்றிய புனைவுகளில் விளிப்பு இத்துணைத் துல்லியமாக அமைந்தது அரிது.

குறை செயலில் உள்ளது. சுற்றிலும் குற்றம் நிறைந்திருக்க, சிறார் நால்வரும் ஒழுக்கத்தில் ஏறத்தாழக் களங்கமற்றோராகவே காட்டப்படுகின்றனர். விஜியைத் துன்புறுத்துவது, அக்காவை உரிய காலத்தில் காக்கத் தவறினோம் என்னும் குற்றவுணர்வு. அவ்வுணர்வு ஆழமாக எழுதப்பட்டுள்ளது. ஆயினும் உயிர்வாழ்தலின் பொருட்டு ஒரு சிறுமி பிறருக்குத் தீங்கிழைக்க நேர்ந்தால் அவளை நாம் ஏற்போமா என்னும் கடினமான வினாவை நாவல் எழுப்பவில்லை. களங்கமின்மையே மீட்புக்கான தகுதி போலாகிறது.

ஆண்டி முல்லிகனின் 'டிராஷ்' (2010) இதற்கு மாற்றான எடுத்துக்காட்டு. குப்பைமேட்டுச் சிறுவர் மூவர் பொய் சொல்கின்றனர், காவலரை ஏய்க்கின்றனர், ஊழல் அரசியல்வாதி ஒருவரின் பணத்தைக் கைப்பற்றுகின்றனர். அங்கும் குற்றம் நற்காரணத்தால் தூய்மையாக்கப்படுகிறது. அந்நிலையிலும் பிரிட்டனில் சிறுவர் நூல்களுக்கான 'புளூ பீட்டர்' விருதின் குறும்பட்டியலிலிருந்து, வன்முறையும் வசைமொழியும் கருதி, அந்நாவல் நீக்கப்பட்டது. காப்பாளரின் தயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

மூன்று முடிவுகள்

மூன்று புனைவுகளும் தம் சிறாரை எங்குக் கொண்டு சேர்க்கின்றன என ஒப்பிடுவது பயனுடையது. சிட்டியின் கையில் ஒரு குழந்தை தரப்படுகிறது. விஜி இல்லத்தில் சேர்கிறாள். சிதம்பரம் நீதிமன்றத்தை நோக்கி நடக்கிறான்.

குழந்தையைத் தருதல் என்பது சிறுவனைப் பெற்றோரின் நிலைக்கு உயர்த்துதல். அங்கு அவன் சிறுமைப் பருவம் முடிந்துவிடுகிறது. சமூகம் அவனிடமிருந்து பொறுப்பைப் பெற்றுக்கொள்கிறதேயன்றி, அவனுக்குத் தன் பொறுப்பைச் செலுத்தவில்லை. இல்லத்தில் சேர்த்தல் என்பது நல்லெண்ணமுடைய தனியாள் ஒருவரிடம் அவனை ஒப்படைத்தல். அங்கு அரசும் சட்டமும் பின்னணியில் மங்குகின்றன. நீதிமன்றத்தை நோக்கி நடத்தல் என்பது, சமூகம் தன் விதிகளோடு அவனை எதிர்கொண்டே ஆக வேண்டிய இடத்தை அடைதல். மூன்றனுள் இறுதியானதே சிறுவனைக் குடிமகனாகக் கருதுகிறது. அங்கு என்ன தீர்ப்புக் கிடைக்கும் என நாவல் கூறவில்லை. அம்மௌனம் வாசகரிடம் வினாவாக வந்து சேர்கிறது.

சட்டத்தின் வரலாறும் இவ்வினாவோடு தொடர்புடையது. இந்திய மாகாணங்களுள் சிறாருக்கெனத் தனிச்சட்டம் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. 1986ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் குற்றமிழைத்த சிறாரைக் குற்றவாளி என்னும் பொருள்படும் அடைமொழியால் சுட்டியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் 'சட்டத்தோடு முரண்பட்ட' சிறார் என்னும் தொடரைக் கொணர்ந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொடரைப் பேணிக்கொண்டே, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதினரைப் பெரியோர்போல் விசாரிக்க வழிவகுத்தது. பெயரில் கனிவும் நடைமுறையில் கடுமையும் ஒருங்கே வளர்ந்தமை இதனால் தெரிகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம் இவ்வெல்லைக் கோட்டின் அருகில் நிற்கிறான். சட்டம் விவாதிக்கும் வயதினரைப் பற்றி இலக்கியம் அவ்வயதினரிடமே பேசாதிருப்பது பொருத்தமுடையதா என்பது கருதத்தக்கது.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். 'வெக்கை' வன்முறையை இயல்பாக்குகிறது. அதனைப் பதின்பருவத்தினரிடம் தருவது தீங்கு என்பது முதலாவது. வன்முறையை விளைவின்றிக் காட்டுவதே அதனை இயல்பாக்கும். 'வெக்கை'யோ விளைவை மட்டுமே காட்டும் நாவல். ஒரு வெட்டுக்குப் பின் வீடு, தாய், உறக்கம் ஆகிய அனைத்தையும் இழக்கும் சிறுவனின் நாள்கள் அதில் உள்ளன. மேலும், 'அசுர'னைத் திரையிலும் தொலைக்காட்சியிலும் காண அனுமதிக்கப்படும் மாணவர்க்கு, அதன் மூலமான, அதனினும் நிதானமான பனுவலை மறுப்பதில் முரண் உள்ளது.

இரண்டாவது, வட்டார வழக்கு கடினம் என்பது. யாருக்குக் கடினம் என்னும் எதிர்வினா இதற்கு விடையாகும். கோவில்பட்டிக் கரிசல் நிலம் தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டங்களோடு தொடர்ச்சியுடையது. அங்குள்ள மாணவர்க்கு அது வீட்டுமொழி. பாடநூல் தமிழே அவர்களுக்குப் பயில வேண்டிய மொழி.

மூன்றாவது, 'இளையோர் புனைவு' என்பது மேலைப் பதிப்புச் சந்தை உருவாக்கிய பெயர். அதனைத் தமிழுக்குக் கொணர்வது தேவையற்றது என்பது. இம்மறுப்பில் உண்மையுண்டு. பெயரை இறக்குமதி செய்து, அதற்கேற்பப் பாடத்தன்மையுடைய நூல்களை உற்பத்தி செய்வதால் பயனில்லை. ஆனால் இக்கட்டுரை முன்வைப்பது புதிய பெயரன்று, வாசிப்பு உரிமை. தடைசெய்யப்பட்டதாகக் கருதப்பட்ட பொருளையும் சிறாரிடம் பேச இயலும் என்பதற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பொருளாகக் கொண்ட யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அங்கும் சிறார் தீங்குக்கு உள்ளாவோரே. தீங்கு செய்வோர் அல்லர். அடுத்த படி இன்னும் எடுத்துவைக்கப்படவில்லை.

தென்காசி, குற்றாலம்: எழுதப்படாத களம்

இவ்வாய்வாளர் பயிலும் வட்டாரத்தில் இச்சிக்கல் நூலகத்தோடு முடிவதில்லை. குற்றாலத்தின் இலக்கிய உருவத்தைத் தீர்மானித்தது மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் 'குற்றாலக் குறவஞ்சி'. மலைவளமும் அருவியும் குறத்தியின் குறியும் அவ்வுருவின் கூறுகள். இருபதாம் நூற்றாண்டில் இரசிகமணி டி.கே.சி. அங்கு வாழ்ந்து வளர்த்த இரசனை மரபும் அதனோடு சேர்ந்தது. இதே மண்ணின் மலைக்குறவரைப் போற்றிய இலக்கியம் நிலைத்திருக்க, 1911ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்தில் குறவர் பிரிவினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. 'குற்றமும் குழந்தையும்' என்னும் பொருள் குற்றாலத்திற்குப் புறத்தேயிருந்து வந்ததன்று என்பதை இது காட்டும். குறவஞ்சியைப் பாடமாகப் படிக்கும் மாணவர் இவ்வரலாற்றைச் சேர்த்துப் படிப்பதில்லை.

இன்றைய நிலையும் எழுதப்படவில்லை. தென்காசி மாவட்டத்தின் ஆலங்குளம், கடையநல்லூர் முதலிய பகுதிகளில் பீடி சுற்றுதல் வீட்டுத்தொழிலாக வேரூன்றியுள்ளது. இலை வெட்டுதல், தூள் வைத்துச் சுருட்டுதல், நூல் கட்டுதல், முனை மடக்குதல் என அத்தொழில் சிறு சிறு செயல்களாகப் பிரிக்கத்தக்கது. அதனாலேயே பிள்ளைகளின் கைகளையும் எளிதில் உள்ளிழுக்கக் கூடியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி தயாரிப்பைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரைக் கொண்டு நடக்கும் தொழிலிடத்திற்கு விலக்களித்தது. தொழிலே வீட்டிற்குள் நடக்கும்போது, தடை வாசற்படியோடு நின்றுவிட்டது. இவ்வட்டாரத்தின் வறுமை குடிசைத் தொகுதியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓட்டு வீட்டின் திண்ணையில், மடியில் வைத்த தட்டில் தெரிகிறது. சாரல் மாதங்களில் அருவிகளைச் சுற்றி முளைக்கும் தற்காலிகக் கடைகளும் உணவகங்களும் அவ்வாறே தற்காலிக உழைப்பைக் கோருகின்றன. தீப்பெட்டித் தொழிலில் சிறாரின் உழைப்பைப் பூமணி 'கருவேலம்பூக்கள்' திரைப்படமாக்கினார். பீடித் தட்டின் முன் அமர்ந்த பதின்பருவத்திற்கு அத்தகைய புனைவு, அவ்வயதினரை விளித்து, இன்னும் அமையவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. 'உன்னைப் போல் ஒருவன்' குடிசைப் பகுதிச் சிறுவனுக்கு அகவாழ்வை அளித்தது. எனினும் பெரியோரின் மனச்சான்றையே விளித்தது. 'தி பிரிட்ஜ் ஹோம்' வயதொத்த வாசகரை நேரே விளித்தது; எனினும் தன் சிறாரின் களங்கமின்மையைக் காக்க முற்பட்டது. 'வெக்கை' எவ்வகைமைப் பெயரும் இன்றியே கண்ணோட்டம், செயல் ஆகிய இரண்டையும் முழுமையாகவும், விளிப்பைத் தன் மொழியின் அண்மையாலும் நிறைவு செய்தது. குற்றம் செய்த சிறுவனை அக்குற்றத்தோடு சேர்த்தே ஏற்கும் துணிவு அதன் தனித்தன்மை.

இவற்றிலிருந்து கற்பித்தல் சார்ந்த கடமையொன்று எழுகிறது. இளையோர் புனைவு தமிழில் எழுதப்பட வேண்டும் எனக் காத்திருப்பதற்கு முன், இருக்கும் பனுவல்களை அவ்வயதினரோடு வாசிக்கத் தொடங்கலாம். 'வெக்கை' பல்கலைக்கழக வகுப்பறையில் தலித் இலக்கியமாகவும் வட்டார நாவலாகவும் கற்பிக்கப்படும்போது, பதினைந்து வயது என்னும் செய்தி ஒரு தகவலாகக் கடந்து செல்கிறது. அதே நாவல் மேல்நிலைப் பள்ளி மாணவரின் கையில் வேறொரு நூலாகும். சிதம்பரத்தைப் பற்றி நாம் எழுதிய ஆய்வுகள் பல. சிதம்பரத்தின் வயதினர் அவனைப் படித்துவிட்டு என்ன சொல்வர் என்பதைக் கேட்கும் ஆய்வே இனிச் செய்யத்தக்கது.